தலைகீழாகிப்போன நிலம்: ரீஸ் பள்ளத்தின் பாறைகள்

தென் ஜெர்மனியில் ஸ்வேபிய ஜூரா, ஃபிராங்கோனிய ஜூரா என்று இரண்டு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்கள் உண்டு. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீளும் ஒரே தொடரின் இரு பகுதிகள் அவை. இரண்டுக்கும் நடுவே அந்தத் தொடர் சட்டென்று அறுபட்டு, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டச் சமவெளி ஒன்று கிடக்கிறது. அதன் பெயர் ரீஸ். சமவெளியின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 430 மீட்டர் உயரம். சுற்றியுள்ள குன்றுகள் அதைவிட 100 முதல் 150 மீட்டர் வரை உயர்ந்தவை. வளமான மண், அடுத்தடுத்து வயல்கள், சிறு கிராமங்கள். கிழக்குப் பக்கமாக வோர்னிட்ஸ் ஆறு வளைந்து வளைந்து ஓடி, தெற்கே டானூபில் கலக்கிறது. தென்மேற்கில் நோர்ட்லிங்கன் என்ற பழைய ஊர், மதில் கலையாமல் இருக்கிறது. அந்த மதிலும் வட்டம்தான் என்பது தற்செயல்.

இந்தச் சமவெளி 1 கோடியே 48 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறுகோள் மோதியதால் உண்டான பள்ளம். பூமியில் இதுவரை உறுதிசெய்யப்பட்ட விண்கல் பள்ளங்கள் சுமார் 200. அவற்றில் பலவற்றை மழையும் ஆறும் பனியும் தேய்த்துவிட்டன; சில கடலடியிலும் தடித்த படிவுகளுக்குக் கீழும் புதைந்துவிட்டன. அவற்றில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பள்ளம் மட்டுமே, அதிலிருந்து வெளியே வீசப்பட்ட பாறை அரிக்கப்பட்டுப் போயிருக்கும். ரீஸில் பள்ளமும் இருக்கிறது, அது கக்கிய பாறையும் பல கிலோமீட்டர் தொலைவுவரை தரையிலேயே கிடக்கிறது. போதாததற்கு, கட்டடக் கல்லுக்கும் சிமென்டுக்குமாக அங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குவாரி வெட்டிவந்திருப்பதால், அந்தப் பாறையின் உள்வெட்டுத் தோற்றம் பல இடங்களில் திறந்துகிடக்கிறது. விண்கல் மோதலின் நிலவியலை மண்ணில் நின்றபடி படிக்க இதைவிட வசதியான இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

மோதலுக்கு முன்பு அந்த நிலம் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பிறகு நடந்தது புரியும். எல்லாவற்றுக்கும் அடியில் கிரானைட்டும் நைஸும் கலந்த பழம்பாறை. 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானது. அதன்மேல் சுமார் 600 மீட்டர் தடிமனுக்குப் படிவுப் பாறைகள்: கீழே டிரையாசிக் காலத்து மணற்கல்லும் களிக்கல்லும், அதற்குமேல் ஜுராசிக் காலத்துக் கருங்களி, பழுப்பு மணற்கல், கடைசியில் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல். எல்லாவற்றுக்கும் மேலே ஆங்காங்கே இளம் மணலும் களியும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனி நிறம், தனிப் புதைபடிவங்கள். ஆகவே எந்தத் துண்டை எங்கே கண்டாலும், அது எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று ஒரு தேர்ந்த நிலவியலாளரால் சொல்லிவிட முடியும். ரீஸின் கதையை இவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்ததற்கு இந்த அடுக்குமுறையே முதற்காரணம்.

வந்த சிறுகோளின் குறுக்களவு 1 முதல் 1.5 கிலோமீட்டர் இருக்கலாம். வேகம் நொடிக்கு 20 கிலோமீட்டர் அளவில் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். இந்த வேகத்தில் வரும் ஒரு பொருளுக்குக் காற்றுமண்டலம் ஒரு தடையே அல்ல. தரையைத் தொட்ட கணத்தில் அதன் இயக்க ஆற்றல் முழுவதும் பாறைக்குள் அதிர்ச்சி அலையாகப் பாய்கிறது. தொடும் இடத்தில் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல லட்சம் மடங்கு. சிறுகோளும் அது தொட்ட பாறையும் ஆவியாகின்றன. அடுத்த வட்டத்தில் பாறை உருகுகிறது. அதற்கும் வெளியே நொறுங்குகிறது. அலை தேயத் தேய வெறுமனே விரிசல் விடுகிறது. ரீஸில் மோதிய சிறுகோளின் துண்டு ஒன்றுகூட இன்றுவரை கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பள்ளத்தைப் படைத்தது அதன் எடை அல்ல, அது கொண்டுவந்த ஆற்றல். அதனால்தான் சாய்வாக வந்து மோதினாலும் பள்ளம் வட்டமாக அமைகிறது.

அதிர்ச்சி அலை கடந்துபோனதும் பாறை பின்னால் தளர்ந்து, வெளிப்புறமாகவும் மேல்நோக்கியும் பீறிட்டது. சில பத்து நொடிகளுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் ஆழமுள்ள குழி ஒன்று திறந்தது. அவ்வளவு ஆழமான குழி நிலைத்து நிற்காது. அடிப்பாறை மேலே எம்பியது, செங்குத்தான ஓரங்கள் உள்நோக்கிச் சரிந்தன, குழி ஆழம் குறைந்து அகலமானது. கிலோமீட்டர் அளவுப் பாளங்கள்கூட வழுக்கி இறங்கின. இன்று காணும் 24 கிலோமீட்டர் வட்டத்தின் வெளிவிளிம்பு அந்தச் சரிவில் பிறந்தது. அதற்குள்ளே சுமார் 12 கிலோமீட்டர் குறுக்களவில், மேலே எம்பிய கிரானைட்டால் ஆன உள்வளையம் ஒன்று இருக்கிறது. இவ்வளவும் நடந்து முடியச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன. நிலவியலில் லட்சத்துக்குக் குறைந்த ஆண்டுக் கணக்கே அபூர்வம். மலை மடிவதற்கும் ஆறு அறுப்பதற்கும் கோடி ஆண்டுகளைக் கணக்கு வைத்துப் பழகிய ஒரு துறை, நிமிடக் கணக்கை ஏற்கத் தயங்கியதில் வியப்பில்லை.

வெளியே வீசப்பட்ட பாறை இரண்டு வகை. முதல் வகைக்கு அங்குள்ள நிலவியலாளர்கள் வைத்த பெயர் புன்டே பிரெக்சியா. பல நிறச் சல்லிப்பாறை என்று பொருள். கறுப்புக் களி, சிவப்புக் களி, பழுப்பு மணற்கல், வெள்ளைச் சுண்ணாம்புக்கல் எல்லாம் ஒழுங்கே இல்லாமல் குழைந்து கிடக்கும். மணல்துகள் அளவிலிருந்து ஒரு குன்று அளவுவரை துண்டுகள். பள்ளத்தின் நடுவிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவுவரை இது காணப்படுகிறது. இதில் பெரும்பங்கு மேலடுக்குப் படிவுப் பாறைகள். அடியிலுள்ள கிரானைட் மிகக் குறைவு. உருகிய கண்ணாடி அநேகமாக இல்லை. அதாவது இந்தப் பாறை வந்து விழுந்தபோது சூடாக இல்லை.

புன்டே பிரெக்சியா எப்படி வந்து சேர்ந்தது என்பதை அதற்குள் இருக்கும் துண்டுகளை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பள்ளத்திலிருந்து விலகிப் போகப் போக, அதில் பள்ளத்துப் பாறையின் பங்கு குறைந்து, உள்ளூர் மண்ணின் பங்கு கூடுகிறது. வானில் வளைந்து பறந்துவந்த பாறை தரையில் மோதி, அங்கிருந்த மண்ணையும் வாரிக்கொண்டு வெளிநோக்கிப் புரண்டு ஓடியிருக்கிறது. பள்ளத்தின் கிழக்கே குன்டெல்ஸ்ஹைம் என்ற ஊரின் குவாரியில் இதற்குக் கண்கூடான சாட்சி இருக்கிறது. புன்டே பிரெக்சியாவை மேலிருந்து அகற்றிய இடத்தில், அடியிலிருக்கும் சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பு பளபளவென்று தேய்ந்து, ஒன்றுக்கொன்று இணையான கீறல்களோடு கிடக்கிறது. அந்தக் கீறல்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை பள்ளத்தின் நடுப்பகுதியைக் காட்டும்.

சிறு பொருள்களிலும் அதே வன்முறை பதிவாகியிருக்கிறது. பெலம்நைட் என்பது ஜுராசிக் கடலில் வாழ்ந்த, கணவாயை ஒத்த ஒரு விலங்கின் உட்கூடு. விரல் நீளத்தில், தோட்டா வடிவில், கெட்டியான கால்சைட்டால் ஆனது. ரீஸில் கிடைக்கும் சில பெலம்நைட்டுகள் குறுக்குவாக்கில் வில்லை வில்லையாக அறுபட்டு, ஒவ்வொரு வில்லையும் பக்கத்து வில்லையிலிருந்து சற்றே நழுவி, அந்த நிலையிலேயே மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெதுவாக வளைக்கப்பட்ட பாறையில் இப்படி நேராது.

வீச்சின் எல்லை புன்டே பிரெக்சியாவோடு முடியவில்லை. பள்ளத்துக்குத் தெற்கே 70 கிலோமீட்டர் தொலைவில், ஆல்ப்ஸ் மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய இளம் மணலுக்கு நடுவே, சம்பந்தமே இல்லாமல் ஜுராசிக் சுண்ணாம்புக்கல் பாளங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை எந்த ஆறும் அங்கே உருட்டிக்கொண்டு போயிருக்க முடியாது. வடகிழக்கிலோ, வீசப்பட்ட பாறைக் குவியல் ஓர் ஆற்றையே மறித்து, அங்கே ஏரி ஒன்றைத் தேக்கியது.

இரண்டாம் வகைப் பாறையான சுவேவைட் இன்று உலகெங்கும் விண்கல் பள்ளங்களில் காணப்படும் ஒரு பாறைவகை. பெயர் ஸ்வேபியா வட்டாரத்திலிருந்து வந்தது. சாம்பல் நிறம், சில இடங்களில் பச்சை சாயல். நுண்துளைகள் நிறைந்த பொடிப்பாறைக்குள் நொறுங்கிய கிரானைட் துண்டுகளும், கருஞ்சாம்பல் நிறக் கண்ணாடித் துண்டுகளும் பதிந்திருக்கும். அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது உருகிய குழம்பாகக் காற்றில் பறந்தது தெரியும்: சுவரில் அடித்த வரட்டிபோலத் தட்டையாக, ஓரம் கிழிந்து, உள்ளே குமிழ்களோடு இருக்கிறது. புன்டே பிரெக்சியாவுக்கு நேர்மாறாக, சுவேவைட்டில் படிவுப் பாறை குறைவு. இருப்பதில் பெரும்பங்கு அடியாழத்துக் கிரானைட்டும் நைஸும். விழுந்தபோது அதன் சூடு 600 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது என்பது, அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் ஆறும்போது பதிந்துகொண்ட காந்தத் திசையிலிருந்து தெரிகிறது. அந்தத் திசை இன்றைய காந்தப்புலத்துக்கு நேர் எதிர். பூமியின் வட, தென் காந்த முனைகள் இடம் மாறியிருந்த ஒரு காலத்தில் மோதல் நிகழ்ந்ததற்கு அதுவே சான்று. குவாரிச் சுவர்களில் சுவேவைட்டைச் செங்குத்தாகத் துளைத்துச் செல்லும் குழாய் போன்ற தடங்களும் உண்டு. சூடான படிவிலிருந்து ஆவியும் வாயுவும் வெளியேறிய வழிகள் அவை.

பள்ளத்தின் வடகிழக்கு விளிம்பில் ஆவ்மூலெ குவாரியில் இரண்டு பாறைகளையும் ஒருசேரக் காணலாம். கீழே செம்பழுப்பும் கறுப்புமாகப் புன்டே பிரெக்சியா, மேலே சாம்பல் நிறத்தில் சுவேவைட். நடுவிலுள்ள கோடு கத்தியால் வெட்டியதுபோலத் துல்லியம். ஒன்று மற்றொன்றோடு கலக்கவில்லை. முதலில் குளிர்ந்த பாறை தரையோடு புரண்டு வந்து நின்றது. அது நின்றபிறகே சூடான பாறை அதன்மேல் வந்து படிந்தது. முன்பு மேலே இருந்த அடுக்குகள் இப்போது கீழே, முன்பு 600 மீட்டருக்குக் கீழே இருந்த கிரானைட் இப்போது எல்லாவற்றுக்கும் மேலே. சுவேவைட் மேலே வந்தது எப்படி என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை. பள்ளத்தின்மேல் எழுந்த புகைக் கம்பம் சரிந்து விழுந்தது என்பது பழைய விளக்கம். தரையோடு ஓடிய உருகுபாறை நீரைத் தொட்டு மறுபடி வெடித்தது என்பன போன்ற வேறு விளக்கங்களும் பின்னர் வந்திருக்கின்றன.

இத்தனை தடயங்கள் இருந்தும் ரீஸ் ஒரு விண்கல் பள்ளம் என்று ஏற்கப்பட்டது 1960இல்தான். அதுவரை அது எரிமலை. சுவேவைட்டைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்: சாம்பல் நிறம், நுண்துளைகள், கண்ணாடி. எரிமலைச் சாம்பல் பாறையைப் போலவே சிமென்டுக்கும் அது உதவியது. தென்மேற்கே ஊராக் வட்டாரத்தில் உண்மையான எரிமலைக் குழாய்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வயதும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ரீஸில் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை ஒரு பிடிகூட இல்லை. இந்த இடறலைத் தாண்டத்தான் கருதுகோள்கள் அடுக்கடுக்காய் வந்தன. குன்டெல்ஸ்ஹைமில் இருப்பதைப் போன்ற கீறல்களைப் பார்த்த சிலர், பனியாறுதான் பாறைகளைத் தள்ளிக்கொண்டு வந்தது என்றார்கள். 1901இல் வில்ஹெல்ம் பிராங்கோவும் எபர்ஹார்ட் ஃபிராசும், அடியிலிருந்து பாறைக்குழம்பு நிலத்தை மேலே தூக்கியது, தூக்கப்பட்ட குன்றிலிருந்து பாளங்கள் வழுக்கிச் சரிந்தன என்று எழுதினார்கள். ராணுவப் பொறியியல் அறிந்த வால்ட்டர் கிரான்ஸ், வெடிமருந்து வைத்துச் சோதனை செய்து, ஒரே பெருவெடிப்பு போதும் என்று காட்டினார். வெடிப்பு என்பதில் அவர் சரி, வெடித்தது என்ன என்பதில்தான் தவறு. நிலத்தடி நீராவி என்றே அவர் எண்ணினார்.

விண்கல் என்ற சொல்லும் ஒலிக்காமல் இல்லை. 1904இல் எர்ன்ஸ்ட் வெர்னர் அதை எழுதினார். 1936இல் ஓட்டோ ஸ்டுட்சர், அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலுள்ள விண்கல் பள்ளத்தோடு ரீஸை ஒப்பிட்டு மீண்டும் எழுதினார். இருவரையும் யாரும் பொருட்படுத்தவில்லை. அதற்கு முட்டாள்தனம் காரணமல்ல. விண்கல் விழுந்தது என்றால் விண்கல் எங்கே என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை. வட்டமும் சிதறலும் வெடிப்புக்குத்தான் சான்றே தவிர, வானிலிருந்து வந்த பொருளுக்குச் சான்றல்ல. எரிமலையால் ஒருபோதும் உண்டாக்க முடியாத ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த ஒன்று மிகச் சிறியதாக இருந்தது. 1953இல் லோரிங் கோஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர், மணலில் உள்ள அதே சிலிக்காவை மிகுந்த அழுத்தத்தில் வைத்து, சாதாரண குவார்ட்ஸைவிட அடர்த்தியான புதிய படிகம் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். அதற்குக் கோசைட் என்று பெயர். அந்த அழுத்தம் இயற்கையில் வேண்டுமென்றால் பூமிக்குள் 60, 70 கிலோமீட்டருக்கும் கீழே போக வேண்டும். மேற்பரப்புப் பாறையில் அது உருவாக இயற்கையில் வேறு வழியில்லை, விண்கல் மோதினால் ஒழிய. 1960இல் அரிசோனா பள்ளத்து மணற்கல்லில் எட்வர்டு சாவோ, யூஜின் ஷூமேக்கர் உள்ளிட்டோர் கோசைட்டைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு கோடையில், கோபன்ஹேகனில் நடந்த சர்வதேச நிலவியல் மாநாட்டுக்காக ஐரோப்பாவுக்கு வந்த ஷூமேக்கர் ரீஸுக்குப் போனார். கிழக்கு விளிம்புக்கு வெளியே ஓட்டிங் குவாரியில் சுவேவைட் துண்டுகளைப் பொறுக்கி, வாஷிங்டனில் இருந்த சாவோவுக்கு அஞ்சலில் அனுப்பினார். அவற்றில் கோசைட் இருந்தது. 1961இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டபோது, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நீண்ட எரிமலைக் கதை முடிவுக்கு வந்தது.

கோசைட் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போனவர்கள் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வுல்ஃப் ஃபான் எங்கல்ஹார்ட், டீட்டர் ஷ்டோஃப்ளர் போன்றோர். சுவேவைட்டிலுள்ள கிரானைட் துண்டுகளை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சாதாரண குவார்ட்ஸ் மணி கோடுகளின்றித் தெளிவாகத் தெரியும். அதிர்ச்சிக்கு உள்ளான மணியில் நேரான, மிக நெருக்கமான இணைகோடுகள் குறுக்கே ஓடும். சில மணிகளில் இரண்டு, மூன்று திசைகளில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். சுமார் 1 லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இவை உண்டாகத் தொடங்குகின்றன. அழுத்தம் 3.5 லட்சத்தைத் தாண்டினால், குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் உருகாமலேயே, மணியின் வெளிவடிவம் மாறாமல், உள்ளே கண்ணாடியாகிவிடுகின்றன. இன்னும் மேலே போனால் பாறை முழுவதும் உருகுகிறது. ஒரு கைப்பிடிக் கல்லைப் பார்த்து அது எத்தனை அழுத்தத்தைத் தாங்கியது, மோதிய இடத்திலிருந்து ஏறத்தாழ எவ்வளவு விலகி இருந்தது என்று சொல்ல இந்தப் படிநிலைகள் உதவுகின்றன. இன்று உலகின் எந்த மூலையில் ஒரு வட்டப் பள்ளம் ஐயத்துக்கு உள்ளானாலும், ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இந்தக் கோடுகளைத்தான்.

சுவேவைட்டில் வைரமும் உண்டு. அடிப்பாறையான நைஸில் இருந்த கிராஃபைட், அதிர்ச்சியில் கணப்பொழுதில் வைரமாக மாறியது. வைரம் என்றதும் பத்திரிகைகளுக்கு வரும் உற்சாகம் நிலவியலாளர்களுக்கு வருவதில்லை: பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சிறியவை, பட்டை தீட்டவும் உதவாதவை. நோர்ட்லிங்கன் நகரின் புனித ஜார்ஜ் தேவாலயம் 1427 முதல் 1505 வரை சுவேவைட்டால் கட்டப்பட்டது. 90 மீட்டர் உயரமுள்ள அதன் கோபுரமும் அதே கல்தான். ஆகவே அந்தச் சுவர்களிலும் கண்ணுக்குத் தெரியாத வைரங்கள் இருக்கின்றன. வைரம் பாய்ந்திருப்பதால் கல் உறுதியாகிவிடவில்லை. நுண்துளைகள் நிறைந்த சுவேவைட் மழையிலும் பனியிலும் உதிரும். பழுதுபார்ப்பு ஓய்வதே இல்லை.

பள்ளத்திலிருந்து மிகத் தொலைவில் விழுந்த பொருள் வேறொரு நாட்டில் நகையாக விற்கப்படுகிறது. செக் நாட்டின் தென் பொஹீமியா, மொராவியா பகுதிகளில் வயல்மண்ணிலும் சரளைக் குழிகளிலும் மோல்டவைட் என்ற பாசிப்பச்சைக் கண்ணாடிக் கற்கள் கிடைக்கின்றன. ரீஸிலிருந்து தூரம் 200 முதல் 450 கிலோமீட்டர். 1960களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்க்கில் வொல்ஃப்காங் கென்ட்னரின் குழு, பொட்டாசியம்–ஆர்கான் முறையில் மோல்டவைட்டையும் ரீஸ் கண்ணாடியையும் அளந்தபோது இரண்டுக்கும் ஒரே வயது வந்தது. மோல்டவைட்டின் வேதிச் சேர்க்கை மேற்பரப்பில் கிடந்த இளம் மணலோடு ஒத்துப்போகிறது. சிறுகோள் தரையைத் தொட்ட முதல் கணத்திலேயே, பள்ளம் திறப்பதற்கு முன்பே, அந்த மணல் உருகிப் பீய்ச்சி அடிக்கப்பட்டிருக்கிறது. அவை கிழக்கு, வடகிழக்குப் பக்கத்தில் மட்டுமே கிடைப்பதால், சிறுகோள் மேற்கு–தென்மேற்கிலிருந்து, தரையோடு சுமார் 30 டிகிரி சாய்வில் வந்திருக்கும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன.

மோதலுக்குப் பிறகு பள்ளத்தில் நீர் தேங்கியது. வெளியேற வழியில்லாத அந்த ஏரி, தொடக்கத்தில் உப்பும் காரமும் மிகுந்திருந்து, பின்னர் மெல்ல மெல்ல மாறியது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக அது நிலைத்திருக்க, அடியில் களி படிந்தது. கரையோரம் பச்சைப் பாசிகள் சுண்ணாம்பைப் பிடித்து மேடுகளாக வளர்ந்தன. ஹைன்ஸ்ஃபார்ட் அருகே பியூஷெல்பெர்க்கில் அந்தப் பாசிச் சுண்ணாம்பு மேடுகளைப் பார்க்கலாம். சில அடுக்குகளில் நத்தைக் கூடுகள் அப்பிக் கிடக்கின்றன. சமவெளியிலிருந்து ஏறத்தாழ 65 மீட்டர் எழும் வாலர்ஷ்டைன் பாறையோ உள்வளையத்தின் மேடொன்றில் ஏரிக்காலத்துச் சுண்ணாம்பு படிந்து உயர்ந்தது. இன்று வயல்களுக்கு அடியில் தட்டையாக இருப்பது அந்த ஏரியின் படிவுதான். பள்ளத்தின் ஆழத்தை மறைத்ததும் அதுவே.

மறைந்திருந்ததைப் பார்க்க 1973இல் உள்வளையத்துக்குள் துளையிட்டார்கள். 1,206 மீட்டர் ஆழம் போன அந்தத் துளையில் முதல் 300 மீட்டருக்கும் மேல் ஏரிப் படிவு. அதன்கீழ் தடித்த சுவேவைட். அதற்கும் கீழே, துளை முடியும்வரை, நொறுங்கியும் விரிசல்விட்டும் கிடந்த கிரானைட்டும் நைஸும். 600 மீட்டர் படிவுப் பாறை அடுக்கு அங்கே இல்லவே இல்லை, அத்தனையும் வீசியெறியப்பட்டுவிட்டது. ரீஸின் நடுவில் புவியீர்ப்பு சற்றே குறைவாக இருப்பது ஏன் என்பதும் விளங்கியது: நொறுங்கிய பாறைக்கும் ஏரிக் களிக்கும் அடர்த்தி குறைவு.

சந்திரனின் மேற்பரப்பு முழுவதும் இத்தகைய பள்ளங்களும் வீச்சுப் பாறைகளும்தான் என்பதால், அங்கே போகிறவர்களுக்கு ரீஸ் பாடசாலையானது. 1970 ஆகஸ்டில் அப்போலோ 14 பயணத்துக்குத் தேர்வான ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும், மாற்றுக் குழுவிலிருந்த யூஜின் செர்னனும் ஜோ எங்கிலும் இங்கே வந்து, ட்யூபிங்கன் நிலவியலாளர்களோடு குவாரி குவாரியாக நடந்தார்கள். இடத்தேர்வில் பொருத்தம் இருந்தது. ஷெப்பர்டும் மிட்செலும் அடுத்த பிப்ரவரியில் இறங்கிய ஃபிரா மௌரோ பகுதி, இம்பிரியம் என்ற மாபெரும் மோதல் படுகையின் வீச்சுப் பாறையால் ஆனது. எந்தக் கல் எந்த ஆழத்திலிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பொறுக்கும் பழக்கத்துக்கு ஓட்டிங் நல்ல ஒத்திகை.

ரீஸுக்கு மேற்கு–தென்மேற்கே 40 கிலோமீட்டரில் ஸ்டைன்ஹைம் என்ற இன்னொரு பள்ளம் இருக்கிறது, குறுக்களவு 3.8 கிலோமீட்டர், நடுவில் எம்பிய குன்று ஒன்று. அதன் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் கூம்பு வடிவத் துண்டுகளின் பக்கங்களில், முனையிலிருந்து கீழ்நோக்கி விரிந்துசெல்லும் நுண்ணிய வரிகள் இருக்கும். 1905இல் பிராங்கோவும் ஃபிராசும் இவற்றை முதன்முதலில் விவரித்தபோது இவை எதனால் வந்தவை என்று தெரியாது. பிற்பாடு அமெரிக்கரான ராபர்ட் டீட்ஸ், அதிர்ச்சி அலையின் முத்திரை இவை என்று வாதிட்டார். வெறுங்கண்ணாலேயே அடையாளம் காணக்கூடிய ஒரே மோதல் சான்று இன்றும் இந்தக் கூம்புகள்தான்.

ஸ்டைன்ஹைமும் ரீஸும் ஒரே நொடியில் பிறந்த இரட்டைகள், பெரிய சிறுகோளும் அதைச் சுற்றிய 150 மீட்டர் துணைக்கோளும் சேர்ந்தே விழுந்தன என்பது நெடுங்காலம் ஏற்கப்பட்ட கருத்து. 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கேள்விக்குள்ளாக்கியது. ரீஸ் மோதலின் நில அதிர்வால் குலைந்த படிவு அடுக்கு ஒன்று தெற்கே பல இடங்களில் இருக்கிறது. அதற்கு மேலே, அதிர்வால் குலைந்த இரண்டாவது அடுக்கு ஒன்றையும் கண்ட ஆய்வாளர்கள், அது ஸ்டைன்ஹைம் மோதலின் தடம், இரண்டுக்கும் இடையே பல லட்சம் ஆண்டுகள் இருக்கலாம் என்கிறார்கள். ஸ்டைன்ஹைமின் வயதை ரீஸின் வயதைப் போலத் துல்லியமாக அளக்க உதவும் உருகுகண்ணாடி அங்கே கிடைக்காததால் வழக்கு நீள்கிறது.

நோர்ட்லிங்கனில் 1990 முதல் ரீஸ் பள்ளத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அறுபட்ட பெலம்நைட்டுகளையும் மோல்டவைட்டையும் சந்திரனிலிருந்து வந்த ஒரு கல்லையும் அங்கே பார்க்கலாம். சுமார் 1,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ரீஸ் வட்டாரம் 2022இல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்கள் பட்டியலில் இடம்பெற்றது. கைவிடப்பட்ட குவாரிகள் சிலவற்றில் நடைபாதையும் விளக்கப் பலகைகளும் அமைத்திருக்கிறார்கள்.